அடுத்த விளையின் போர்வெல்

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற குமரியும் அதில் சேர்ந்தது. அந்தக் கோடையில்தான் பக்கத்து ஊர் வாழை விவசாயி ஒருவர் தக்கலையில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். அடுத்த விளைக்காரர் ஆழமாக போர்வெல் போட்டு, ராப்பகலாக லாரியில் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார்.

"சாரே, அவரு அவருக்க பூமியிலதான் எடுக்கியாரு. எனக்க கெணத்துல வெள்ளம் இல்லியே" என்றார்.

வழக்கின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இருந்தது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டு (ஜி) என்று ஒன்று உண்டு. வரையறுத்த ஓடையில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்துவது நில உரிமையாளரின் உரிமை என்கிறது அது. கைக்கிணறும் ஏற்றமும் இருந்த காலத்துச் சட்டம். பல நூறு அடி ஆழத்து நீரை மோட்டார் உறிஞ்சும் காலத்திலும் அதுதான் நம் தலைமேல் நிற்கிறது. மாநிலம் முழுவதற்குமாகத் தமிழகம் 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது.

உறுத்துக்கட்டளை கேட்டு மனுப் போட்டேன். பாலக்காடு பிளாச்சிமடை குளிர்பான ஆலை வழக்கில் 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பைத்தான் நம்பினேன்: நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் காவலர். எதிர்த்தரப்பு வக்கீல் 2005-இல் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியதைக் காட்டினார். தடுக்கச் சட்டம் இல்லாதபோது உரிமையாளரின் உரிமையை மறுக்க முடியாது என்று சொல்லி, ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்த தீர்ப்பு அது. என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது நியாயம் சார்ந்த பதில், சட்டம் சார்ந்ததல்ல.

வழக்கைக் காப்பாற்றியது, கிணற்றைப் பார்க்க நீதிமன்றம் அனுப்பிய அட்வகேட் கமிஷனரின் அறிக்கை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கினார். பழைய நீர்மட்டம் சுவரில் பாசிக்கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வெகு ஆழத்தில்தான் கல் நனைந்தது. அடுத்த விளை மோட்டாரை ஓட விட்டு மறுபடி இறக்கியபோது கல் ஈரமில்லாமல் வந்தது. அதைப் பார்த்த பிறகு எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. சொந்த விவசாயத்துக்கு மட்டும் எடுப்பது, லாரிக்கு விற்பதில்லை என்று முடிந்தது. சட்டக் கேள்விக்கு மட்டும் தீர்ப்பு வரவில்லை.

அதே மாதங்களில் புதுக்கோட்டை நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். ஹைட்ரோகார்பன்களில் ஒன்றான ஷேல் எரிவாயு பற்றி அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். இறுகிய களிப்பாறைக்குள் தண்ணீரையும் மணலையும் ரசாயனங்களையும் பெரும் அழுத்தத்தில் செலுத்தி, பாறையை விரிசலிட வைத்து வாயுவை எடுக்கிறார்கள். எரிவாயுக் கிணறு ஒன்றுக்கு ஏறத்தாழ 57 லட்சம் லிட்டர் தண்ணீர் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் தந்த இடைநிலைக் கணக்கு. 12,000 லிட்டர் லாரியில் அது 475 நடை. அதில் ஒரு பகுதி பாறைக்குள்ளேயே தங்கிவிடும். திரும்பி வருவதை அப்படியே வயலுக்கு விட முடியாது. உலகின் ஷேல் வளத்தில் 38 சதவீதம் வறண்ட அல்லது கடும் நீர் நெருக்கடியுள்ள பகுதிகளில் இருப்பதாக உலக வள நிறுவனம் 2014-இல் சொன்னது.

வாயுவை எடுக்க அரசின் உரிமம் வேண்டும். அதற்குச் செலவாகும் தண்ணீர் விஷயத்தில் நமக்கு இருப்பது பழைய எடுத்துக்காட்டு (ஜி)-யும் சில அரசாணைகளும்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, ஏற்கெனவே எண்ணெய் ஒப்பந்தம் பெற்றவர்கள் ஷேல் வாயுவும் எடுக்கலாம் என்று வழிவிட்டது. தமிழகத்தின் 2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் ஷேல் எடுப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது தொடாது. அதன் அட்டவணையில் குமரி மாவட்டமும் இல்லை.

மாநிலம் முழுவதற்கும் வலுவான நிலத்தடி நீர்ச் சட்டம் வேண்டும் என்று நம் எம்.எல்.ஏ.க்களிடம் கேளுங்கள். அதுவரை கிணறு உள்ளவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்க முகமையின் அறிக்கையே, துளையிடும் முன் நிலத்தடி நீர் எப்படி இருந்தது என்ற பதிவுகள் போதாததால் பல இடங்களில் முடிவுக்கு வர முடியவில்லை என்கிறது. மாதம் ஒருமுறை கயிறு இறக்கி நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீர் குறைந்தால் தாசில்தாருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கோர்ட்டுக்கு வரும்போது அந்த நோட்டையும் ரசீதையும் எடுத்து வாருங்கள்.