ஆறரை மணிப் பியானோ

நம் ஊரில் பெரியவர்களின் நடைப்பயிற்சி டாக்டரின் திட்டில் தொடங்கி, பிள்ளைகளின் நச்சரிப்பில் வளர்ந்து, முதல் மழையோடு நின்றுவிடும். நான் குடியிருக்கும் தோக்கியோ நிஷி-கசாயில் யாரும் யாரையும் நச்சரிப்பதில்லை. காலை ஆறரைக்கு என்.எச்.கே. வானொலியில் பியானோ ஒலிக்கும். பூங்காவில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான்.

ராஜியோ தைசோ என்கிற இந்த வானொலி உடற்பயிற்சி 1928 நவம்பரில் தொடங்கியது. இதற்கு வித்திட்டது அஞ்சலக ஆயுள் காப்பீட்டை நடத்திவந்த அரசு அலுவலகம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று வானொலியில் பயிற்சி நடத்தியதைப் பார்த்து எழுந்த யோசனை. பாலிசி எடுத்தவர் நெடுநாள் இருந்தால் காப்பீட்டுக்காரருக்கு லாபம். தர்ம சிந்தனையைவிட இந்தக் கணக்குக்கு ஆயுள் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. போர்க்காலத்தில் மக்களை அணிவகுக்க வைக்கவும் இது பயன்பட்டது. போருக்குப் பின் நின்றுபோய், 1951-இல் இப்போதைய வடிவில் திரும்பியது.

முதல் தொகுப்பில் 13 அசைவுகள். மூன்று நிமிட வேலை. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் உட்கார்ந்தும் செய்கிறார்கள். பல் விஷயத்திலும் ஜப்பானியர்களுக்கு இதே புத்திதான்: எண்ணிப் பார்க்கிற மாதிரி ஓர் எளிய இலக்கு. 80 வயதில் 20 சொந்தப் பல் என்று 1989-இல் '8020' இயக்கம் தொடங்கினார்கள். 2016 அரசு ஆய்வின் மதிப்பீட்டில் பாதிப்பேருக்கு மேல் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள்.

மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா முதலில் மசியவில்லை. "காப்பி குடிக்காம எங்கடா வர்றது?" வேடிக்கை பார்க்கத்தான் இறங்கினார். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு ஒருநாள் அம்மா போகவில்லை. மாலையில் லிஃப்டில் அந்தப் பாட்டி என் மனைவியைப் பிடித்து, சைகையிலேயே விசாரித்துவிட்டார். அதற்கப்புறம் நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. "அந்தம்மா தேடுவாங்க" என்று அவரே செருப்பை மாட்டிக்கொள்வார். சர்க்கரை அளவைக் காட்டி நான் வருஷக்கணக்காகப் பேசியும் நடக்காத காரியம் இது.

ஊருக்குப் போனதும் நேரடி ஒலிபரப்பு உதவாது. இங்கே ஆறரை என்றால் அங்கே விடிகாலை மூன்று. இசையை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். "பாட்டு சரி, வரலன்னா கேக்க ஆளு?" என்றவர், தானே எதிர்வீட்டு டீச்சரம்மாவைச் சேர்த்துக்கொண்டார். இப்போது மொட்டை மாடியில் இரண்டு பேரும் செய்கிறார்கள். காப்பிக்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான் இன்னும் சண்டை.