ரூகர் 10/22: எதை மாத்தினேன், எதைத் தொடவே இல்லை

1/ போன வாரம் ரேஞ்சுல எடுத்த ஒரு படத்தைப் போட்டதும் இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி: "டாக்டர், அது என்ன துப்பாக்கி? என்னெல்லாம் மாத்தியிருக்கீங்க?" தனித்தனியா பதில் சொல்றதுக்கு ஒரே இழையா எழுதிடறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வாங்க.

2/ நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியா கிராமப்புறம். என்னிடம் வர்ற நோயாளிகளில் நிறைய பேர் மான் வேட்டைக்குப் போறவங்க. இங்க இது சட்டப்படியான, ரொம்ப சாதாரணமான பொழுதுபோக்கு. இந்தியாவில் ஆயுதச் சட்டமே வேற. அதனால இதை அங்க செஞ்சு பார்க்கும் குறிப்பா எடுத்துக்காதீங்க.

3/ துப்பாக்கி, ரூகர் 10/22. 1964-ல் சந்தைக்கு வந்தது. மேகஸின்ல 10 தோட்டா, காலிபர் .22, அதான் பெயர். இதுவரை 50 லட்சத்துக்கும் மேல் வித்திருக்கு. நம்ம ஊர் ஸ்ப்ளெண்டர் பைக் மாதிரின்னு வெச்சுக்கோங்க. யார் வேணா பிரிச்சு மாட்டலாம், ஸ்பேர் எங்க போனாலும் கிடைக்கும்.

4/ .22 தோட்டா "ரிம்ஃபயர்" வகை. தீப்பற்ற வைக்கும் மருந்து பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ள இருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினா வெடிக்கும். 1887-ல் வந்த .22 லாங் ரைஃபிள் இன்னைக்கும் ஓடுது. விலை குறைவு, உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. கத்துக்கிறவங்க எல்லாரும் இதில்தான் தொடங்குவாங்க.

5/ இதை ஏன் எல்லாரும் மாத்தி மாத்தி விளையாடறாங்க? குழலைப் பிடிச்சிருப்பது ரெண்டு ஸ்க்ரூ. ட்ரிக்கர் தொகுதியைப் பிடிச்சிருப்பது ரெண்டு பின். சட்டப்படி "துப்பாக்கி"ன்னா ரிசீவர் மட்டும்தான். மத்த பாகமெல்லாம் தபால்லயே வீட்டுக்கு வந்துடும். என் மனைவி கேட்டா: "ஏங்க, மூணு பெட்டி வந்திருக்கு. முழுசா ஒண்ணு வாங்கியிருக்கலாமே?" நியாயமான கேள்வி.

6/ என் விதி க்ளினிக்ல இருந்து வந்தது. முதல்ல கம்ப்ளெய்ன்ட் என்ன? அப்புறம்தான் மருந்து. ஒரே நேரத்தில் நாலு மருந்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. அதனால ஒரு தடவைக்கு ஒரு பாகம். முன்னாடியும் பின்னாடியும் அதே தோட்டா, அதே 25 கஜம், ஒரு அங்குலச் சதுரக் குறி.

7/ கம்ப்ளெய்ன்ட் 1: என் கண். 40 வயசு தாண்டினா லென்ஸ் இறுகும், கிட்டப் பொருளில் ஃபோகஸ் விழாது. வெள்ளெழுத்து. கம்பெனி கொடுக்கும் பின்பக்கக் குறி குழல் மேல ஒரு பள்ளம். பள்ளம், முன் குச்சி, இலக்கு, மூணையும் ஒரே நேரத்தில் தெளிவா பார்க்க இந்த வயசுக் கண்ணால முடியாது.

8/ தீர்வு: கண்ணுக்குப் பக்கத்தில், ரிசீவர் மேல மாட்டுற சின்ன ஓட்டைக் குறி. கண் டாக்டர் பின்ஹோல் வெச்சு பார்க்கச் சொல்வாரே, அதே இயற்பியல். சின்ன ஓட்டை வழியா வரும் ஒளியில் ஃபோகஸ் ஆழம் கூடும். ஓட்டையை மறந்துட்டு முன் குச்சியை மட்டும் பார்த்தா போதும். ஸ்கோப்பும் போடலாம். எனக்கு இதுவே போதுமா இருந்தது.

9/ கம்ப்ளெய்ன்ட் 2: மகளோட கை. கம்பெனிக் கட்டை தோளில் இருந்து ட்ரிக்கர் வரை சுமார் 13.5 அங்குலம். 14 வயசுப் பொண்ணு அதைப் பிடிக்க உடம்பைப் பின்னால வளைச்சா. முதுகில் தாங்கினா அஞ்சு நிமிஷத்தில் கை நடுங்கும். இதுக்கு எந்த விலையுயர்ந்த குழலும் உதவாது.

10/ மேக்புல் ஹன்டர் கட்டையில் நடுவில் தகடு சேர்த்தும் எடுத்தும் 12.5-ல இருந்து 14.5 அங்குலம் வரை மாத்தலாம். தகடெல்லாம் எடுத்துட்டேன். அன்னைக்கே அவ நேரா நின்னா. இந்த இழையில் ஒரே ஒரு பாகத்தைத்தான் பரிந்துரைக்கணும்னா, உடம்புக்கு அளவான கட்டைன்னுதான் சொல்வேன்.

11/ கம்ப்ளெய்ன்ட் 3: ட்ரிக்கர். துப்பாக்கியோட எடை 5 பவுண்டு. அதோட பழைய ட்ரிக்கரை இழுக்க சுமார் 6 பவுண்டு வேணும். தன் எடையை விட அதிக விசையில் இழுத்தா குழல் அசையாம எப்படி இருக்கும்? ரூகரே விக்கும் பிஎக்ஸ் ட்ரிக்கர் 2.5-ல இருந்து 3 பவுண்டுக்குள்ள. முழுத் தொகுதியா வரும், ரெண்டு பின்ல மாட்டலாம்.

12/ இன்னும் லேசா கிடைக்கும். நான் போகலை. பயந்தாலோ தடுக்கினாலோ கை தானா இறுகும், அது ரிஃப்ளெக்ஸ். குளிரில் விரல் மரத்துப்போனா தொட்டது தெரியாது. சர்க்கரை நோயில் விரல் உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கும் அதேதான். இங்க என்கிட்ட கேட்ட ரெண்டு பேருக்கும் "பழைய ட்ரிக்கரே இருக்கட்டும்"னுதான் சொன்னேன்.

13/ பழைய ட்ரிக்கரை வீட்டில் அரம் வெச்சுத் தேய்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கொக்கி சரியா பிடிக்கலைன்னா விரல் படாமலேயே வெடிக்கலாம், ஒரு இழுப்பில் ரெண்டு தோட்டா போகலாம். முழுத் தொகுதி வாங்குங்க, இல்லைன்னா துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுங்க.

14/ சில்லறை மாற்றங்கள்: மேகஸினைக் கழட்ட நீள லீவர் (சின்ன விரலுக்கு வசதி). போல்ட்டைப் பின்னால இழுத்தாலே விடுபடும் தகடு. போல்ட் வந்து மோதும் இரும்பு பின்னுக்குப் பதிலா பாலியூரித்தேன் பின். இந்தக் கடைசி ஒண்ணால குறி கூடலை. டங்குனு வர்ற சத்தம் குறைஞ்சது, அவ்வளவுதான்.

15/ மாத்தாதது: குழல். எல்லாரும் முதல்ல வாங்குறது 0.92 அங்குல கனமான குழல்தான். அழகுதான். ஆனா மகளால தூக்க முடியாது. அதுக்குப் பதிலா அஞ்சாறு பிராண்டு தோட்டா வாங்கி வரிசையா சுட்டுப் பார்த்தேன். .22-ல் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும். எங்களுதுக்குப் பிடிச்சது கிடைச்சதும் குறிகள் சுருங்கிடுச்சு. மலிவான வைத்தியம்.

16/ இப்போ டாக்டரா ரெண்டு வார்த்தை. காது: .22 தானேன்னு விடாதீங்க. சத்தம் சுமார் 140 டெசிபெல் வரை போகும். உள்காது மயிர்ச் செல்கள் போனா போனதுதான், திரும்ப வளராது. வலது தோளில் வெச்சு சுடறவங்களுக்கு இடது காதுதான் அதிகம் கெடும், அதுதான் குழல் வாய்க்குக் கிட்ட. மூடி இல்லாம ஒரு தோட்டா கூட வேண்டாம். கண்ணாடியும் கட்டாயம்.

17/ ஈயம்: குண்டும் ஈயம், பெரும்பாலான .22-ல் விளிம்பு மருந்திலும் ஈயச் சேர்மம். சுட்ட கையோட சிப்ஸ் சாப்பிட்டா வயித்துக்குள்ள போகும். குழந்தைகளுக்கு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே இங்க கவனிக்கச் சொல்றாங்க. ரேஞ்சிலேயே சோப்பு போட்டுக் கை கழுவுங்க, வீட்டுக்கு வந்ததும் துணியைத் தனியா துவைங்க.

18/ மெரினாவில் பலூன் சுட்ட பழக்கத்தில் நம்மாளுங்க இதையும் பொம்மைன்னு நினைக்கிறதைப் பார்த்திருக்கேன். 1968-ல் ராபர்ட் கென்னடியைக் கொன்றது .22. 1981-ல் ரீகன் மேல பாய்ந்ததும் .22. கார் மேல பட்டுத் தெறிச்சு வந்த குண்டு அது. நுரையீரலைத் துளைச்சு இதயத்துக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் நின்னது. உடம்பு ரத்தத்தில் பாதிக்கு மேல் போச்சு.

19/ துப்பாக்கி வாங்கும் முன்னாடியே என் மனைவி கேட்டது: "சுடக் கத்துக் கொடுங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அவ ஒரு நாள் அழுதுக்கிட்டு ரூம் கதவைச் சாத்திக்கிட்டா, அன்னைக்கு இது எங்க இருக்கும்?" ஒரு டீன்ஏஜ் பொண்ணோட அம்மா கேட்கிற கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாம எந்தப் பெட்டியும் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு முடிவு பண்ணோம்.

20/ அந்தக் கேள்விக்கு மருத்துவம் சொல்ற பதில் இது. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. மாத்திரை சாப்பிட்டு வர்றவங்களில் பெரும்பாலானவங்களைக் காப்பாத்திடறோம். துப்பாக்கியில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறதில்லை. அந்த வேகம் பல பேருக்குச் சில நிமிஷம்தான். பிழைச்சவங்களில் பெரும்பாலானவங்க அப்புறம் தற்கொலையால சாகிறதில்லை. அந்தச் சில நிமிஷத்துக்குள்ள கைக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

21/ அதனால முதல்ல வந்தது இரும்புப் பெட்டி. சுவரோட போல்ட் போட்டது. தோட்டா வேற பூட்டில், வேற அறையில். எண் எனக்கும் மனைவிக்கும் மட்டும். "அப்பா, என்னை நம்பலையா?"ன்னு மக கேட்டா. "உன்னை நம்பறேன்மா. எல்லாருக்கும் வர்ற கெட்ட நாளைத்தான் நம்பலை"ன்னேன். கொஞ்சம் யோசிச்சு, "சரிப்பா"ன்னா.

22/ இங்க இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒண்ணு. பிள்ளை வேற வீட்டுக்கு விளையாடப் போகும்போது நிலக்கடலை அலர்ஜியைச் சொல்றீங்க இல்லையா? அதோட "வீட்டில் துப்பாக்கி இருக்கா, பூட்டி இருக்கா?"ன்னும் கேளுங்க. நான் கேட்டிருக்கேன். இதுவரை யாரும் கோவிச்சுக்கலை.

23/ சுருக்கமா, செலவு வரிசை: பூட்டு. காது மூடி, கண்ணாடி. அளவான கட்டை. கண்ணுக்கு ஏத்த குறி. நிறைய தோட்டா. அப்புறம் ட்ரிக்கர். அதுக்கப்புறமும் காசு மிச்சம் இருந்தா குழல். நிறைய பேர் இதைத் தலைகீழா வாங்குறாங்க.

24/ மனசு சரியில்லாம இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அமெரிக்காவில் 988, இந்தியாவில் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம். பாகங்கள் பத்தி கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ட்யூட்டி முடிஞ்சு வந்து பதில் போடறேன்.