ஊட்டிக்கு டிக்கெட் போடணும்... எனக்கும் சேர்த்து!

முதல்லயே சரண்டர் ஆகிடறேன். நான் சொல்லப் போற எதுவும் உங்க கேங்குல எடுபடாது. எங்க கேங்குலயே எடுபடலை. கேன்டீன்ல வாயைத் திறந்ததுக்கு, கையில இருந்த பாதி சமோசாவைப் பிடுங்கிட்டு விரட்டிட்டாங்க.

மேட்டர் சிம்பிள். ஆறு பேர், ஒரு கார், மே மாசம், ஊட்டி. கோவையில படிக்கிற எல்லா கேங்கும் ஒரு தடவையாவது போடற பிளான்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். "மே மாசம் வேணாம்டா, ஜூலைல போவோம். கார் வேணாம், கவர்மென்ட் பஸ் போதும். இ-பாஸ் நல்ல விஷயம், அதுக்குக் காசே வாங்கலாம்"னு சொல்லித் தொலைச்சேன். அஞ்சு பேரும் என்னை ஏதோ கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வேவு பார்க்க வந்தவன் மாதிரி பார்த்தாங்க.

அதிகமா எகிறினவன் காரைக் கொண்டு வர்றதா இருந்தவன். (இனிமே இவன் பேரு கார்க்காரன்.) "எங்கப்பா ரோடு டாக்ஸ் கட்டறார், பெட்ரோலுக்கு வாட் கட்டறார். ஊட்டி என்ன தனி நாடா, அங்கே போறதுக்குத் தனியா அழணும்?"

நியாயமான கேள்விதான். ஆனா டாக்ஸ் கட்டறது அப்பா மட்டும் இல்லை பாஸ். முந்தின நாள் ராத்திரி நாம சாப்பிட்ட பரோட்டா பில்லோட அடியில பொடி எழுத்துல என்ன இருந்துச்சு? சிஜிஎஸ்டி இரண்டரை, எஸ்ஜிஎஸ்டி இரண்டரை. ஆக மொத்தம் 5 சதவீதம். அரியர் வெச்சிருக்கிறவனும் டாக்ஸ் பேயர்தான். அந்தக் காசு டெல்லிக்கும் சென்னைக்கும் போகுது. நாம குன்னூர்ல போட்டுட்டு வர்ற குப்பை மட்டும் குன்னூர்லயே இருக்கு. இதைத்தான் நான் சொன்னேன். சமோசா போனது இந்த இடத்துலதான்.

வெளியில இதெல்லாம் சகஜம். பூட்டான் போற நம்ம ஊர்க்காரங்க ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கட்டணம் கட்டணும். மத்த நாட்டுக்காரங்களுக்கு 2022ல 200 டாலர்னு ஏத்தி, 2023ல 100 டாலராக் குறைச்சாங்க. வெனிஸ்ல, காலையில வந்து சாயங்காலம் கிளம்பற பார்ட்டிகளுக்கு 2024 ஏப்ரல்ல 5 யூரோ போட்டாங்க. நம்ம நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7ம் தேதி இ-பாஸ் வந்தப்போ, சென்னை ஹைகோர்ட் சொல்லித்தான் வந்துச்சு. 2025 சீஸனுக்கு எண்ணிக்கையும் வெச்சாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வீக்-எண்டுல 8,000. கொடைக்கு 4,000, 6,000. பைசா வாங்கலை. அரசு பஸ்லயும் ரயில்லயும் போறவங்களுக்கு இந்த லிமிட்டும் இல்லை. இதைச் சொன்னா, "அப்போ நீ பஸ்லயே போ"ன்னுட்டாங்க.

கடைசியில கடவுள் என் பக்கம் நின்னார். கார்க்காரனுக்கு அரியர் எக்ஸாம் மே மாசத்துல விழுந்துச்சு. ட்ரிப் ஜூலைக்குத் தள்ளிப் போச்சு. அவங்கப்பா மார்க்கைப் பார்த்துட்டு கார் சாவியை உள்ளே வெச்சுப் பூட்டிட்டார். ஸோ... மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டு, காலை ஆறு மணி.

ரயில்ல போலாமேன்னு கேப்பீங்க. டிக்கெட் கிடைக்கலை, அவ்வளவுதான். ஆனா அதை 'டாய் ட்ரெயின்'னு கூப்பிடறவங்க மேல எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 208 வளைவு, 250 பாலம். கல்லாறு தாண்டினதும் 12 அடிக்கு ஒரு அடின்னு ஏறுது. சாதா சக்கரம் அந்த ஏத்தத்துல வழுக்கிடும்னு, நடுவுல பல் வெச்ச தண்டவாளம் போட்டு, இன்ஜின்ல இருக்கிற பல் சக்கரம் அதைக் கவ்விப் பிடிச்சு ஏறுது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 1899லயே ஓடுச்சு, ஊட்டியைத் தொட 1908 ஆச்சு. யுனெஸ்கோ அங்கீகாரம் 2005ல. இதுவா பொம்மை?

பஸ் பத்தி என் கருத்து இன்னும் மோசமானது. ஊட்டி ரோட்டைப் பார்க்கணும்னா பஸ் ஜன்னல்தான் பெஸ்ட். கார்ல பார்க்கிறது முன்னாடி போற காரோட பின்பக்கம். பஸ்ல நாம உயரத்துல இருக்கோம். கல்லாறு பாக்குத் தோப்பு, பர்லியார் பழக்கடை, 14 கொண்டை ஊசி வளைவு... ஒவ்வொரு வளைவுலயும் டிரைவர் அண்ணன் உடம்பு முழுக்க சாய்ச்சு ஸ்டீயரிங்கைத் திருப்பறதைப் பார்க்கவே டிக்கெட் காசு சரியாப் போச்சு. ரெண்டாவது வளைவுல எங்கள்ல ஒருத்தன் எலுமிச்சம்பழத்தை மோந்தான். ஆறாவதுல அந்தப் பழமும் கைவிட்டுடுச்சு. அந்த டீட்டெய்ல் உங்களுக்கு வேணாம்.

குன்னூர் நெருங்கறப்போ எல்லாரும் மொபைலைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினாங்க. "பச்சைப் பசேல்னு காடு!" நான் சும்மா இருந்திருக்கலாம் (இதை எத்தனாவது தடவை சொல்றேன்?). "அது காடு இல்லை மச்சான். டீ எஸ்டேட். அதுக்கு மேல நிக்கிறது யூகலிப்டஸ், ஆஸ்திரேலியால இருந்து வந்தது. நிஜமான காடு சோலை. பள்ளத்துல சோலையும் மேட்டுல புல்வெளியுமா சேர்ந்துதான் மழையைப் பிடிச்சு வெச்சு, மெதுவா ஓடையில விடும். பவானி தண்ணி அப்படித்தான் கீழே வருது. பவானிசாகர் நிரம்பி ஈரோட்டுப் பக்கம் வயலுக்குத் தண்ணி போகணும்னா இந்தப் புல்லு இருக்கணும்..."

லெக்சர் களை கட்டிட்டிருந்தப்போ பின் சீட்ல இருந்து கோத்தகிரிக்காரி குறுக்கே வந்தா. எங்க கேங்குல மலை ஊர்க்காரி அவ ஒருத்திதான்.

"சரிடா, அது காடு இல்லை. எங்க தாத்தாவுக்கு அதான் சோறு."

பஸ் கொஞ்சம் அமைதியாச்சு. அவளோட தாத்தா இலங்கையில தேயிலைத் தோட்டத்துல பிறந்தவர். 1964ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, லட்சக்கணக்கான பேரை 'நீ இந்த நாட்டு ஆள் இல்லை'ன்னு இந்தியாவுக்கு அனுப்பினாங்க இல்லையா, அதுல கப்பல் ஏறி வந்தவர். அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கறதுக்காக 1968ல அரசே ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டம்தான் டான்டீ. அதுக்காகவும் காட்டைத்தான் வெட்டினாங்க. வெட்டினது யாரு, வெட்டச் சொன்னது யாருன்னு அவ கேட்டா. "நீ புல்வெளியைத் திரும்பக் கொண்டு வா, வேணாங்கலை. எங்க லைன் வீட்டை எங்கே வைப்பேன்னு சேர்த்துச் சொல்லு."

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. சோலை பத்தி நான் சொன்னது தப்பில்லைதான். ஆனா அதுக்கப்புறம் ஊட்டி வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை. கார்க்காரனுக்கு அதுல செம சந்தோஷம்.

ஊட்டியில ஜூலை மழை எப்படின்னா, கொட்டாது. சாரலா வந்து முகத்துல ஒட்டும். பொட்டானிக்கல் கார்டன்ல மே மாசம் புல்லே தெரியாதாம், எல்லாம் தலைதான். நாங்க போனப்போ 1848ல மெக்ஐவர்னு ஒருத்தர் ஆரம்பிச்ச அந்தத் தோட்டத்துல எங்களோட சேர்த்து முப்பது பேர் இருந்தா அதிகம். ஒரு வார்னிங்: ஜூலையில ரெட் அலர்ட் விட்டா வீட்லயே இருங்க. மண்சரிவு ஜோக் இல்லை.

நடுங்கிட்டே மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில ஒதுங்கினோம். கடைக்கார அக்கா சூடா டீயும் வர்க்கியும் கொடுத்தாங்க. கூட்டமே இல்லை. என் பெருமைக்கு இதுதான் நேரம்னு, "பாருங்கக்கா, இப்படி அமைதியா இருந்தா எவ்வளவு நல்லாருக்கு"ன்னேன்.

அக்கா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. "உனக்கு நல்லாருக்கும் தம்பி. எனக்குக் காலையில இருந்து வியாபாரம் நானூறு ரூபாதான் ஆச்சு. மே மாசம் சம்பாதிச்சு வெச்சாத்தான் இந்த மழைக்கு அடுப்பு எரியும்."

2025 ஏப்ரல்ல இ-பாஸை எதிர்த்து நீலகிரியில கடையடைப்பு நடந்தது ஏன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. கார்க்காரன் உடனே, "அப்போ இ-பாஸ் வேணாம்தானேக்கா?"ன்னு பாயிண்ட்டைப் பிடிச்சான்.

"அப்படியும் சொல்ல மாட்டேன். போன வருஷம் மே மாசம் எம் பொண்ணுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. ஆட்டோல ஏத்தினா ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். நடந்தா பத்து நிமிஷம். முன்னாடியும் பின்னாடியும் காரு. தோள்ல தூக்கிட்டு நடந்தேன். வண்டி குறைஞ்சா நல்லதுதான். ஆளு குறையக் கூடாது. பஸ்ஸை அதிகமா விடச் சொல்லு."

பாருங்க, நான் ஒரு வாரமா மண்டையை உடைச்சு யோசிச்சதை அக்கா அடுப்பைத் தள்ளிவிட்டுக்கிட்டே சொல்லிட்டாங்க. உற்சாகத்துல, காசு வாங்கற என் ஐடியாவையும் எடுத்து விட்டேன். ஒரு காருக்கு ஐநூறு ரூபாய், வேணும்னா ஸ்டூடன்ட்ஸுக்குப் பாதி...

"வாங்கட்டும். வாங்கினா பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்க போற மாதிரி ஒரு கக்கூஸ் கட்டுவாங்களா? இல்லை, அதுவும் கீழேதான் போகுமா?"

கோத்தகிரிக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. நான் என் ஐடியாவுல ஒரு வரி சேர்த்துக்கிட்டேன். வாங்கற காசு மலையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது, மாசா மாசம் கணக்கை பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டணும். கார்க்காரன் அப்பவும் ஒத்துக்கலை. ஆனா ஆறு டீக்கும் வர்க்கிக்கும் அவன்தான் காசு கொடுத்தான். மிச்ச சில்லறையை வாங்காம எழுந்தும் வந்தான். நான் அதை நோட் பண்ணிக்கிட்டேன், வெளியில சொல்லலை.

திரும்பி வர்றப்போ ஆறு மணி பஸ். மூடுபனியில டிரைவருக்கே ரோடு தெரிஞ்சுதான்னு சந்தேகம். கார்க்காரன் என் தோள்ல தலையைச் சாய்ச்சு வாயைப் பிளந்து தூங்கிட்டு வந்தான். கார்ல வந்திருந்தா இந்நேரம் முழிச்சு ஓட்டிக்கிட்டு இருப்பான் பாவம். கல்லாறு வந்ததும் ஜன்னல் வழியா வெக்கை அடிச்சுது. ஸ்வெட்டரைக் கழட்டிக்கிட்டே கண்ணைத் திறந்தான்.

"அடுத்த தடவை கொடைக்கானல். கார்லதான். சொல்லிட்டேன்."

"இ-பாஸ் நீதான் எடுக்கணும்"னேன்.

"எடுக்கறேன். காசு கேட்டா நீ கட்டு."