கறையான் கலயம்

வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டுக் கல் நட்ட காடு. ஐந்தாறு வருஷமாக ஒருவரும் வீடு கட்டவில்லை. உடைமரமும் ஆவாரையும் கல்லை மூடிவிட்டன. இன்று காலை பால் வாங்கித் திரும்பும்போது அங்கிருந்து கவுதாரி கூப்பிட்டது. முதலில் ரெண்டு ஒற்றைக் குரல், பிறகு மூச்சுவிடாமல் அடுக்கடுக்காக. தூக்குச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன் பழக்கின கால்.

பழக்கினது மாமா. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காடு, எண்பதுகளின் தொடக்கம். முழுப் பரீட்சை லீவுக்குப் போனவன், வேட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தேன். "வா மருமவனே" என்று கூட்டிப்போய் ஒரு வாய் உடைந்த கலயத்தைக் கையில் கொடுத்தார்.

அதில் காய்ந்த சாணி, சோளத்தட்டை, ஒரு சாக்குத் துண்டு. தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள தரையில் பொழுதுசாயக் கவிழ்த்து வைக்க வேண்டும். விடியுமுன் எடுத்தால் உள்ளே வெள்ளையாக நெளியும். வெயில் ஏறிவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். அத்தனையும் மாமாவின் பார்வைக் கவுதாரிக்குத் தீனி. என் வேட்டை இப்படித்தான் ஆரம்பித்தது: ஒரு மாசம் முழுக்கக் கறையான் தட்டினேன்.

பார்வை என்றால் பழக்கி வைத்திருக்கும் பறவை. அதைக் காட்டித்தான் காட்டுப் பறவையை வரவழைப்பது. மானுக்கும் உண்டு, சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல். மாமா அதையெல்லாம் படித்தவரில்லை. மூங்கில் கூண்டுக்குத் துணி போர்த்தித் தோளில் தொங்கவிட்டு நடப்பார், நான் பின்னால். முதல் நாள் வெள்ளைப் பனியனோடு போய்த் திட்டு வாங்கினேன். மறுநாள் செருப்பு. "கழட்டுலே, அது ஒங்கய்யா வீட்டுத் திண்ணையா?" உடைமுள் குதிகாலில் ஏறி முறிந்து, ஒரு வாரம் நொண்டினேன்.

குரல் வந்த திக்கில் ஓடப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்தார். "கூப்புடுத எடத்துக்கு நீ போறதுக்குள்ள அது அங்க இருக்காதுலே. அது காலுதான் அதுக்கு ரெக்க." உண்மைதான். கவுதாரி பறக்க யோசிக்கிற ஜாதி. புதருக்குப் புதர் ஓடும். வேறு வழியே இல்லை என்றால்தான் காலடியிலிருந்து படபடவென்று எழும்பி, கொஞ்சதூரம் போய் இறங்கி மறுபடி ஓடும். காடை இன்னும் மோசம், மிதிக்கப் போகும்வரை அசையாது. இப்போது ஓட்டலில் காடை என்று கிடைப்பது பண்ணையில் வளரும் ஜப்பான் காடை. ஐந்தாறு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும் அதற்கு, ஒளியவும் தெரியாது ஓடவும் தெரியாது.

ஊரில் ஒருவரிடம் துப்பாக்கி இருந்தது. மாமாவுக்கு அது பிடிக்காது. கறியில் ரவை கடிபடும் என்பார்.

முதல் பறவை விழுந்தது ஒரு சாயங்காலம். கூண்டைச் சுற்றி அரைவட்டமாகக் கண்ணி ஊன்றியிருந்தோம். குதிரைவால் முடியில் முறுக்கிய சுருக்குகள், ஒவ்வொன்றும் தரையிலிருந்து நாலு விரல் உயரம். பார்வை கூப்பிட, கம்பங்கொல்லைப் பக்கமிருந்து பதில் வந்தது. பதில் கிட்டக் கிட்ட வந்தது. கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சேவல் ஓடிவந்தது, சண்டைக்கு. என் எல்லைக்குள் எவனடா என்பதுபோல. மூணாவது சுருக்கில் கால் மாட்டியது.

மாமா என்னைத்தான் எடுக்கச் சொன்னார். உள்ளங்கையில் கொதித்தது. மங்கிய மஞ்சள் தொண்டையைச் சுற்றிக் கறுப்பு நூல் கட்டினமாதிரி ஒரு கோடு. காலின் முள் என் மணிக்கட்டைக் கீறியது. நெஞ்சு அடித்த வேகத்தை எண்ண முடியாது. கம்பங்கொல்லையில் இன்னொன்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, இருட்டி முள்மரத்தில் அடைகிற நேரம்வரை. "பெட்டைலே," என்றார் மாமா, கண்ணியைச் சுருட்டியபடி. அன்று ராத்திரி கறி தின்றேன். ருசியாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

பிறகுதான் புரிந்தது. பார்வைக்குச் சேவல் சண்டைக்கு வருவது இணைசேரும் பருவத்தில்தான் அதிகம். அப்படி விழுகிற சேவலுக்குப் பின்னால் ஏதோ ஒரு புதரடியில் முட்டை இருக்கலாம். மாமாவுக்கு இது தெரியாமலிருக்காது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரிடம் எனக்குள்ள ஒரே வழக்கு அது.

1972 வனவிலங்குச் சட்டம் முதலில் வந்தபோது, சிறு வேட்டை என்று உரிமம் வாங்கிக்கொள்ள இடம் வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. 1991 திருத்தத்தில் அந்த உரிமமும் போயிற்று. இன்று கவுதாரிக்குக் கண்ணி வைத்தால் ஜெயில் உண்டு. சரிதான். ஆனால் கண்ணி வைத்த மாமா காட்டை விற்கவில்லை. அவர் போனபிறகு நாங்கள்தான் விற்றோம், கல் நடுகிறவர்களுக்கு.

பால் ஆறிப்போனபிறகுதான் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் ஒரு பழைய மண்சட்டியில் சாணியும் சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். விடியுமுன் போய்ப் புரட்டிப் போட்டுவிட்டு வர வேண்டும்.