தூளியை விட்டு இறங்கும் வயது

நம் ஊரில் குழந்தையைத் தொட்டிலில் போடுவதற்குச் சடங்கு உண்டு. நாள் பார்ப்போம், மாமன் வீட்டுச் சீர் வரும், பெயர் வைப்போம், வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளை வரம் வேண்டிக் கோயில் மரத்தில் சின்ன மரத்தொட்டில் கட்டுகிறவர்கள் உண்டு. வேண்டுதல் பலித்தபின், கரும்பில் சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைக் கிடத்தித் திருவண்ணாமலை மாடவீதியைச் சுற்றி வருகிறவர்களைத் தீபத் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதே பிள்ளையைத் தூளியிலிருந்து இறக்கும் நாளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. ஒரு நாள் கொக்கி காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

புலவர்களும் அப்படித்தான். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். 3ஆம் மாதம் காப்பு, 5ஆம் மாதம் செங்கீரை, 7ஆம் மாதம் தால், இப்படி ஒற்றைப்படை மாதமாக 21 வரை போகும். பெண்பால் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவம் ஊசல். தாலில் தொட்டிலில் கிடந்த பெண் கடைசியில் ஊஞ்சலுக்கு வந்துவிடுகிறாள். நடுவில் எந்த ராத்திரியில் தொட்டிலை விட்டாள் என்பதற்கு ஒரு பருவம் இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் தாலாட்டுக்கு ‘பெர்சுஸ்’ என்று பெயர். ‘பெர்சே’ என்றால் ஆட்டுவது. அவர்களுக்குத் தொட்டில் ஆடுகிறது. நமக்கோ தால், அதாவது நாக்கு ஆடுகிறது. சட்டம் அடித்த குழந்தைக் கட்டிலை ‘லி ஆ பாரோ’ என்பார்கள். சிறைக் கம்பிக்கும் அதே ‘பாரோ’தான். அதிலிருந்து விடுதலையாகிப் போகும் கட்டிலுக்கு ‘லி து கிரான்’, பெரியவர்கள் கட்டில். சின்ன வகுப்பில் எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. குழந்தை தனி அறையில் படுத்திருக்கிறது; அம்மா நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு விளக்கை அணைக்கப் போகிறாள். ஏழு பேர் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுத் தூங்கிய எனக்கு, அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது என்று தோன்றியது.

முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் வீடு கட்டியது 1988இல். கூடத்துக்குத் தளம் போடும் அன்று மேஸ்திரி கேட்டார்: “சார், ஃபேன் கொக்கி ஒண்ணு. தூளிக் கொக்கி எங்க வைக்கட்டும்?” அப்போதெல்லாம் கேட்காமல் தளம் போட மாட்டார்கள். பக்கத்து மனைக்காரர் டேங்க் பேக்டரியில் வேலை பார்த்தவர். நல்ல கனமான கம்பியை வளைத்து அவரே கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கொக்கியில் என் பிள்ளைகள் இருவரும் ஆடினார்கள். இப்போது வருகிற அடுக்குமாடி வீடுகளில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. இரும்பு ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

மகன் வழிப் பேத்தி பிறந்தபோது கொக்கிக்கு மறுபடி வேலை வந்தது. என் மனைவியின் பழைய சுங்குடிச் சேலை, நடுவில் விரித்துப் பிடிக்க ஒரு கட்டை, ஆட்டுவதற்கு ஒரு கயிறு. நைலக்ஸ் சேலை ஆகாது. வழுக்கும், சூடும் பிடிக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திதான் தூளிக்கு ராசி. ராத்திரியில் அவள் கீழே பாயில் படுத்தபடி கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுவாள். பிள்ளை சிணுங்கினால் தூக்கத்திலேயே அந்தக் கால் அசையும். இரண்டு வருடம் இப்படி.

பேத்திக்கு இரண்டு வயது ஆனபோது மருமகளுக்கு மறுபடி ஐந்தாம் மாதம். ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தாள்: “அத்தை, பாப்பாவை இப்பவே கீழ படுக்கவச்சுப் பழக்கிடலாமா?”

“இன்னும் நாலு மாசம் இருக்கேம்மா. புள்ளை பொறந்தப்புறம் பார்த்துக்கலாம்” என்றாள் என் மனைவி.

மருமகள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. “தம்பியோ தங்கச்சியோ வந்த அன்னைக்கு இறக்கினா, என் தூளியப் புடுங்கிட்டாங்கன்னு நினைப்பா அத்தை. இப்ப இறக்கினா, அவளா இறங்கின மாதிரி இருக்கும்.”

நான் எழுத்தர் வேலை பார்த்தவன். இடமாற்ற உத்தரவு வந்தபின் அதே நாற்காலிக்கு அடுத்தவர் வந்து வாசலில் நின்றால் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. பேத்தி தூளிக்குள் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்ப்பாள். கிடக்கும் பிள்ளைக்குத் தூளி சுகமான இடம். எழுந்து நிற்கப் பார்க்கும் பிள்ளைக்கு அது போல ஆபத்தும் இல்லை. கவிழ்ந்தால் தலைதான் முதலில் தரைக்கு வரும். வெளிநாட்டு மரக்கட்டில்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. உயரம் 35 அங்குலம், அதாவது சுமார் 89 செ.மீ. ஆனால் சட்டக் கட்டிலை விட்டு மாற்றிவிடுங்கள் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. ஒரு பக்கச் சட்டத்தை மேலும் கீழும் இறக்கும் கட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், 2011இல் அந்த நாட்டில் அவற்றின் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். நம் தூளிக்குச் சட்டமும் இல்லை, அளவும் இல்லை. நம் கண்தான் அளவு.

முதல் வாரம் தூளியிலேயே போட்டு, ஆட்டுவதை மட்டும் குறைத்தோம். அடுத்து, பகல் தூக்கம் பாயில். அதே சுங்குடிச் சேலையை நாலாக மடித்துப் பாய்மேல் விரித்ததால் வாசனை மாறவில்லை. கட்டில் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உருண்டு விழுந்தால் ஒன்றரை அடி. சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டால் இடுக்கில் மாட்டும். இலவம்பஞ்சு மெத்தையைத் தரையிலேயே போட்டு, கொசுவலையை மட்டும் பெரிதாக வாங்கினோம்.

ராத்திரிதான் பெரிய வேலை. கர்ப்பிணியால் தரையில் படுத்து அடிக்கடி எழ முடியாது. அதனால் அப்பாதான் பக்கத்தில் படுத்தான். முதல் நாள் பன்னிரண்டு மணி வரை “ஆயா, ஆட்டு” என்று அழுகை. என் மகனுக்குத் தாலாட்டும் தெரியாது, கதையும் வராது. தினமும் ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிறவன். தட்டிக்கொடுத்தபடி ஸ்டேஷன் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான். ஆவடி, அன்னனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம்... நாலாம் நாள் பெரம்பூரில் தூங்கினாள். பத்தாம் நாள் கொரட்டூர் தாண்டவில்லை. தால் ஆடினால் போதும், பாட்டாக இருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

பிள்ளைக்குப் பத்து நாளில் பழகிவிட்டது. என் மனைவிக்குத்தான் நாள் ஆனது. இரண்டு வருடமாகக் கூடத்தில் எங்களோடு இருந்த மூச்சுச் சத்தம் உள்ளறைக்குப் போய்விட்டது. நடு ராத்திரி விழித்துப் பார்த்தால் அவள் கால் அசைந்துகொண்டிருக்கும்; கட்டைவிரலில் கயிறு இருக்காது. ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, “என்னங்க, அழுவுற சத்தம் கேட்டுச்சா?” என்றாள். இல்லை என்றேன். உள்ளறைக் கதவுவரை போய்க் காது கொடுத்துவிட்டு வந்து படுத்தாள். மறுநாள் மருமகள் கேட்காமலே ஒன்று செய்தாள். பகல் தூக்கத்துக்கு, “ஆயாகிட்ட போய்ப் படுத்துக்கோ” என்று குழந்தையைக் கூடத்துக்கு அனுப்பினாள். ராத்திரி அப்பாவுக்கு, பகல் ஆயாவுக்கு. யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்துப் பேரன் வந்தான். கொக்கியில் வேறு சேலை கட்டினோம். பேத்தி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “பாப்பா தூளி” என்று அவளே பெயர் வைத்தாள். தனக்கும் வேண்டும் என்று ஒரு தரம் கேட்டாள். என் மனைவி தூளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏற்றிவிட்டாள். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு நிமிஷம் இருந்தாள். “இறக்கு” என்றாள். பிறகு கேட்கவே இல்லை.

வீட்டில் தூளி கட்டியிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை உள்ளே இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டிக் கொக்கியிலேயே உயரமாக முடிந்து வையுங்கள். தூளியை முறுக்கி விளையாடிய பெரிய பிள்ளைகள் கழுத்து இறுகிப் போன செய்தி நாளிதழில் அவ்வப்போது வருகிறது. ஆடுகிற பிள்ளையைவிட, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் அக்காமேல் அதிகம் கண் வேண்டும்.

பேரனுக்கு இப்போது எட்டு மாதம். அவனை இறக்கும் நாளைச் சும்மா விடுவதாக இல்லை. கேசரி கிளறி, ஆட்டிய ஆயாவுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு சுங்குடிச் சேலையும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “கண்டிப்பா மாமா, ஆனா அந்தச் சேலையையும் தூளியாக் கட்டிடுவாங்க” என்று சிரிக்கிறாள்.