லாசப்பலில் நின்ற வரி மதில்

பிரான்சில் படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் 1789இல் புரட்சி ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். வோல்தேர், ரூசோ, சமத்துவம் என்று கடகடவென ஒப்புவிப்பார்கள். பிழையில்லை. ஆனால், ரூசோவைப் படித்துவிட்டா கூலித் தொழிலாளி பஸ்தீ சிறையை உடைக்கப் போனான்?

வார இறுதிகளில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் நான் இந்தப் பாடத்தைப் பாரிஸின் லாசப்பலில்தான் தொடங்குவேன். தமிழ்க் கடைகள் முடிகிற இடத்தில் இரண்டாம் இலக்க மெற்றோ பாலத்தின் மேலே ஓடுகிறதே, அந்தத் தடத்தில்தான் அன்று பாரிஸைச் சுற்றி வரி மதில் நின்றது. 1784இல் கட்டத் தொடங்கியது. நீளம் ஏறக்குறைய 24 கிலோமீற்றர். எதிரியைத் தடுக்க அல்ல, நகருக்குள் வரும் வைன், இறைச்சி, விறகுக்கெல்லாம் வாசலிலேயே வரி பிடுங்க. பிடுங்கியவர்கள் அரசனிடம் வரிக்குத்தகை எடுத்த பணக்காரர்கள். அடுத்த தரிப்பான ஸ்டாலின்கிராடில் உள்ள வட்டக் கட்டடம் அந்த மதிலின் மிச்சம்.

"சேர், இதுக்குப் பக்கத்திலதானே நாங்க பின்னேரத்தில நிக்கிறனாங்க!" என்பான் ஒரு பெடியன். அதற்குப் பிறகு பாடம் தானாக நடக்கும்.

அடுத்தது கணக்கு. 1788 ஜூலை 13இல் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. எட்டு, ஒன்பது சூ (அன்றைய சில்லறைக் காசு) விற்ற நாலு இறாத்தல் பாண் 1789 பெப்ரவரியில் பதினாலரை சூ ஆனது. கூலியாளின் நாட்சம்பளமோ 20இலிருந்து 30 சூ. வாடகை, விறகு, பிள்ளைகள் என்று கழித்துப் பார்க்கச் சொல்வேன். கரும்பலகையில் மிச்சம் வராது.

பட்டினி மட்டும் புரட்சி ஆகாது. 1709இல் அதைவிடக் கொடிய பஞ்சம் வந்தும் அரசன் அரியணையில்தான் இருந்தான். இந்த முறை அரசாங்கமும் வங்குரோத்து: வருமானத்தில் பாதி கடன் வட்டிக்கே போனது. பிரபுக்களும் குருமாரும் நிலவரியிலிருந்து பெரும்பாலும் தப்பியிருந்தார்கள். வேறு வழியின்றி 1614க்குப் பிறகு முதன்முறையாக மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டிய அரசன், ஊர் ஊராகக் குறைகளை எழுதித் தரவும் கேட்டான். சனம் பசியோடு இருந்தபோது குறையை எழுது என்று அரசே சொன்னதுதான், என் கணிப்பில், தீப்பொறி. பஸ்தீக்கு இரண்டு நாள் முன்பே மதில் வாசல்கள் எரியத் தொடங்கிவிட்டன.

"அப்ப 2022இல இலங்கைச் சனாதிபதி கோத்தபாய ஓடினதும் புரட்சியோ, சேர்?"

இல்லை என்பேன். இங்கே 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சலுகைகளே போயின. கொழும்பில் ஜூலை 9இல் சனம் மாளிகைக்குள் புகுந்தது. 20ஆம் திகதி நாடாளுமன்றம் பழைய அரசியல்வாதி ஒருவரையே சனாதிபதியாக்கியது.

"அப்ப அந்த மதில் வரியும் போச்சோ, சேர்?" என்று ஒரு பிள்ளை மடக்கினாள். நல்ல கேள்வி. 1791இல் ஒழித்த நுழைவு வரியைப் புரட்சி அரசே 1798இல் திரும்பக் கொண்டுவந்தது. மதிலை இடித்தது 1860இல்தான்.