கூடாரம் என்னும் பயிற்சிசாலை



நாங்கள் குடியிருக்கும் அமீர்பேட் பகுதியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் உறவினர் பிள்ளைகளில் ஒருவராவது இங்கே விடுதியில் தங்கிப் படித்திருக்கக்கூடும். மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் எங்கு பார்த்தாலும் பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகள்தாம். ஜாவாவுக்கு இத்தனை வாரம், ஆரக்கிளுக்கு இத்தனை ரூபாய் என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் நகையை அடகு வைத்த பெற்றோர், வேலையோடு திரும்பி வருவான் என்னும் நம்பிக்கையில் தங்கள் பிள்ளைகளை இவ்விடத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

இத்தகைய இடத்தில் வாழ்வதாலோ என்னவோ, எங்கள் தமிழ்ச் சபையின் பெற்றோர் ஊழியத்தைப் பற்றியும் அதே விதமாய்க் கேட்கிறார்கள். "பிரதர், எங்கள் மகனுக்கு மிஷனெரி ஊழியத்தில் வாஞ்சை இருக்கிறது. எங்கே சேர்க்கலாம்? எத்தனை மாதப் பயிற்சி?" என்கிறார்கள். நல்ல வேதாகமக் கல்லூரிகள் உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் அங்கே சேருவதற்கு முன்னரே நடைபெற வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. அதை நடத்தும் ஆசிரியர் தகப்பனும் தாயுமே. குடும்பமாய்ப் புறப்பட்டுச் சில நாட்கள் கூடாரத்தில் தங்கி, அயலாருடைய கிராமத்தில் விருந்தினராய் வாழ்ந்து வருவதே அந்தப் பயிற்சி. அதைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் தேவன் தம்முடைய ஜனத்துக்குக் கூடாரப் பண்டிகையை நியமித்தார். கானானில் கல் வீடுகளில் குடியிருந்தவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் தழைக் குடில்களில் தங்க வேண்டும். தங்கள் பிதாக்கள் வனாந்தரத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பின்வரும் சந்ததியார் அறியும்படிக்கே அந்தக் கட்டளை. உபாகமம் 16-ஆம் அதிகாரத்தில் குமாரன், குமாரத்தி, வேலைக்காரர், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை ஆகிய அனைவரும் அந்தப் பண்டிகையில் சேர்க்கப்படுகிறார்கள். சொல்லிக்கொடுத்தால் மறந்துபோகும் ஒன்றை வாழ்ந்து பார்க்கும்படி தேவன் செய்தார்.

புதிய ஏற்பாட்டிலும் நம்மைப் போன்ற ஒரு குடும்பம் உண்டு. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரிந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய தொழிலே கூடாரம் பண்ணுவதுதான். அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தை வாசித்தால், கல்வியில் தேறின அப்பொல்லோவுக்கு எபேசுவில் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக்காட்டியவர்கள் இந்தப் புலம்பெயர்ந்த தம்பதியர் என்று அறிகிறோம். வாடகை வீட்டில் வாழ்கிறோம், நம்மால் என்ன ஆகும் என்று நினைக்கும் நகர்வாசிகள் இந்த இருவரையும் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நமக்கு மிக அருகில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். நம்மில் பலர் சார்மினார் விரைவு வண்டியில் ஊருக்குப் போகிறோம். காஜிபேட், வாரங்கல் தாண்டி, கம்மம் வருவதற்கு முன் டோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் வருகிறது. அந்த இடத்தின் வரலாற்றில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கூடாரம் இருக்கிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலராய்ப் பணிபுரிந்தார். 1902-இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தால் கடல் கடந்து ஊழியம் செய்வதைக் கண்டார். அத்தனை சபைகள் நிறைந்த திருநெல்வேலி அப்படி எதுவும் செய்யவில்லையே என்னும் பாரம் அவர் இருதயத்தில் விழுந்தது. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியருடைய பணம், இந்தியருடைய ஆட்கள், இந்தியருடைய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. அவர்கள் தெரிந்துகொண்ட முதல் வயல் அக்காலத்து நிஜாம் சமஸ்தானத்தில் தெலுங்கு பேசும் டோர்ணக்கல் பகுதி.

பிறரை அனுப்பியதோடு அசரியா திருப்தியடையவில்லை. 1909-இல் வாலிபர் சங்கப் பொறுப்பை விட்டுக் குருவாய் அபிஷேகம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் தாமே டோர்ணக்கல்லுக்கு வந்தார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராய் அபிஷேகம் பெற்றார். பேராயர் என்றவுடன் மாளிகை என்று எண்ணிவிடாதேயுங்கள். தொடக்க நாட்களில் அவருக்கு வீடாக இருந்தது கூடாரமே. கிராமம் கிராமமாய் மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் சென்றார். முப்பது வயதைக் கடந்தபின் தெலுங்கு கற்று, அம்மொழியிலேயே பிரசங்கித்தார்.

அவர் நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் வாலிபரைப் பயிற்றுவிப்பதில் அவர் கைக்கொண்ட முறையை நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். ஊழியத்துக்கு ஆயத்தப்படும் ஆண்களை மாத்திரம் அவர் அழைக்கவில்லை. மனைவி பிள்ளைகளோடு வந்து, கிராமத்தில் வாழப்போகும் அதே எளிய விதமாய் டோர்ணக்கல்லில் வாழ்ந்து கற்கும்படி செய்தார். அந்த மனைவிமாருக்குப் பாடம் நடத்துவதில் அன்பு மரியம்மாள் அம்மையார் பங்கெடுத்தார். புருஷன் வேதத்தை அறிந்து, மனைவி அதற்கு அந்நியமாய் இருந்தால் கிராமத்தில் அந்த வீடு சாட்சியாய் நிற்காது என்பதை அவர்கள் இருவரும் அறிந்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் சுவிசேஷத்துக்குக் கடன்பட்டவர் என்று அசரியா போதித்தார். அது குருமாருடைய வேலை மாத்திரம் என்று எவரும் விலகிக்கொள்ள அவர் இடங்கொடுக்கவில்லை. 1945 ஜனவரி 1-ஆம் தேதி அவர் மரிக்கும்போது, சில குருமாரோடு தொடங்கிய அந்தத் திருமண்டலத்தில் நூற்றுக்கும் அதிகமான இந்தியக் குருமார் இருந்தார்கள்.

எங்கள் சபையின் ஐந்து குடும்பங்கள் சங்கராந்தி விடுமுறையில் அந்தப் பக்கமாய்ப் போவதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஐதராபாத்தே காலியாகி ஊருக்குப் போகும் அந்த நாட்களில் நாங்களும் ஒரு வேன் பிடித்துப் புறப்படுகிறோம். நான்கு நாட்கள் தங்குவோம். முன்னதாகவே அவ்வூர்த் தெலுங்குச் சபைப் போதகரிடத்திலும் சர்பஞ்சிடத்திலும் தெரிவித்துச் சம்மதம் பெறுவோம். அரிசி, பருப்பு, பாத்திரம், பாய், டார்ச் விளக்கு யாவும் எங்களுடையவை. ஆண்களும் பையன்களும் கூடாரத்தில் படுப்பார்கள். பெண்களும் சிறுவரும் ஆலயத்துக்குள் படுத்துக்கொள்வார்கள். தை மாதத்துப் பனி அங்கே எலும்பைத் துளைக்கும். மிளகாய்த் தோட்டங்களில் பழம் சிவந்து நிற்கும் காலம் அது.

வாசகரே, கூடாரத்துக்குக் கதவு இல்லை. அதுவே அதன் பெரிய நன்மை. மூன்று அறை வீட்டில் மறைந்திருக்கும் குணம் அங்கே ஒரே இரவில் வெளிப்பட்டுவிடும். ஈர விறகு பற்றாமல் புகையும்போது தகப்பனுடைய பொறுமை எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் இருபது பேரை நடத்துகிற சகோதரர் சாம்பல் கொண்டு பானை துலக்குவதை அவருடைய மகன் பார்க்கிறான். ஒரு வாலிபனுக்கு இதைவிட நல்ல ஊழியப் பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

மாலையில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் ஆராதனையை நடத்த வேண்டும். வாலிபர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் தெலுங்கில் சாட்சி சொல்ல வேண்டும். இதற்காக இரண்டு மாதத்துக்கு முன்னரே மொழிப் பயிற்சி தொடங்குகிறது. அமீர்பேட்டில் பதினைந்து ஆண்டு குடியிருந்தும் தெலுங்குப் பேருந்துப் பலகையை வாசிக்க அறியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! எங்கள் பிள்ளைகள் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்தே தொடங்கினார்கள். அயலானுடைய மொழியைக் கற்காதவன் அவனை நேசிக்கிறேன் என்று சொல்லுவது எளிதில் நம்பத்தக்கதன்று.

சில ஒழுங்குகளையும் வைத்திருக்கிறோம். மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டுவதில்லை. அழைக்கப்படாமல் ஒருவர் வீட்டிலும் நுழைவதில்லை. பிறர் வழிபாட்டைப் பற்றி இழிவாய்ப் பேசுவதில்லை. ஏழைகளுடைய குடிசைகளைப் படம் பிடித்து அனுப்புவதில்லை. அவர்கள் கொடுக்கும் சோள ரொட்டியை நன்றியோடு வாங்கிச் சாப்பிடுகிறோம். கொடுக்க மாத்திரம் அறிந்தவனுக்கு முன்பாக ஏழை தலைகுனிகிறான். வாங்கவும் அறிந்தவனே அவனுக்குச் சகோதரனாகிறான்.

இவ்வாறு போய் வருவதால் பெற்றோருக்கு ஒரு கடினமான காரியமும் நேரிடும். அதை மறைக்க எனக்கு மனமில்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்க விடுதிக்கு வந்த ஒரு மகள் எங்களோடு வந்தாள். திரும்பியபின், ஒரு வருஷம் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்து ஊழியம் செய்ய விரும்புவதாய் வீட்டுக்குத் தெரிவித்தாள். அவளுடைய தாயார் குமரி மாவட்டத்திலிருந்து தொலைபேசியில் அழுதார். "கடன் வாங்கிப் படிக்க வச்சேன் பிரதர். எல்லாப் பிள்ளைகளும் சம்பளம் அனுப்புது. என் பிள்ளையை மட்டும் ஆண்டவர் ஏன் கேட்கணும்?" என்றார்.

அந்தத் தாயாரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களை நம்முடைய ஆண்டவர் மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கண்டித்திருக்கிறார். ஆகவே, படிப்பை முடித்து வேலையில் அமர்ந்து கடனை அடைக்கும்படி அந்த மகளுக்கு ஆலோசனை சொன்னோம். தாயாரையும் தகப்பனாரையும் அடுத்த சங்கராந்திக்கு எங்களோடு வரும்படி அழைத்தோம். வந்தார்கள். முதல் இரண்டு நாள் தாயார் ஒருவரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், தெலுங்குச் சகோதரிகளோடு உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள் என்பது பார்த்தவர்களுக்கு விளங்கிற்று. ஊருக்குத் திரும்பும்போது அவர் சம்மதம் சொல்லவில்லை. "இவள் போகத்தான் போகிறாள் என்றால், பாஷையை ஒழுங்காய்ப் படிக்கச் சொல்லுங்கள்" என்று மாத்திரம் சொன்னார். அவருக்காக இன்றும் ஜெபிக்கிறோம், நீங்களும் ஜெபியுங்கள்.

பிள்ளைகளை மாத்திரம் முகாமுக்கு அனுப்பிவிட்டுப் பெற்றோர் வீட்டிலிருந்தால், பிள்ளைகள் பெற்ற தரிசனம் பெற்றோருக்கு இடியாய் வந்து விழும். குடும்பமாய்ப் போனால் அதே தரிசனத்தை எல்லாரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கலாம். அது உணர்ச்சிவசமா, தேவ அழைப்பா என்று பொறுமையோடு காத்திருந்து அறியலாம். தீமோத்தேயுவைப் பவுல் அழைத்துக்கொண்டு போவதற்கு முன்னரே பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் அவனுக்குள் விசுவாசத்தை வளர்த்திருந்தார்கள் என்பதை மறவாதேயுங்கள்.

பிரியமானவர்களே, உங்களிடத்தில் பெரிய கூடாரம் இல்லாதிருக்கலாம். ஒரு தார்ப்பாயும், நான்கு பாயும், உங்களை ஏற்றுக்கொள்ளும் ஒரு கிராமத்துச் சபையும் போதும். இரண்டு நாளில் தொடங்குங்கள். அதுவரையில், அடுத்த முறை சார்மினாரில் போகும்போது டோர்ணக்கல் வரும் வேளையில் உங்கள் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். இரவாயிருக்கும்; நிலைய விளக்குகள் தவிர வேறொன்றும் தெரியாது. ஆயினும் நம்முடைய பாஷை பேசிய ஒரு குடும்பம் இங்கே கூடாரமடித்து, அயலாருடைய பாஷையைக் கற்று, அவர்களுக்காகவே வாழ்ந்தது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்கு நீங்கள் சொல்லும் பதிலிலே உங்கள் வீட்டின் முதல் பயிற்சி வகுப்பு தொடங்கிவிடும்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் நடத்துவாராக. ஆமென்.